கூடுதல் குதிரைத்திறன் எதிலிருந்து எடுக்கப்படுகிறது?

எஞ்சினில் மாற்றம் செய்ய விரும்புபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: எத்தனை குதிரைத்திறன் கூடும்? நான் திருப்பிக் கேட்பது வேறு: அந்தக் கூடுதல் எதிலிருந்து எடுக்கப்படப் போகிறது? ஓர் எஞ்சினை வடிவமைப்பவர்கள் கடும் வெயிலையும், தரம் குறைந்த எரிபொருளையும், வருடக்கணக்கான தேய்மானத்தையும், ஆயில் மாற்ற மறக்கும் உரிமையாளரையும் மனத்தில் வைத்து ஓரளவு தாங்குதிறனைக் கையிருப்பாக விட்டுவைக்கிறார்கள். திறன் கூட்டும் வேலைகளில் பெரும்பாலானவை அந்தக் கையிருப்பில் கைவைப்பவைதான். கைவைக்கவே கூடாது என்பது என் கட்சியல்ல. எவ்வளவு இருந்தது, எவ்வளவு போயிற்று, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கு இல்லாமல் கைவைப்பதைத்தான் நான் ஏற்பதில்லை.

குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையையும் சுழற்சி வேகத்தையும் பெருக்கிக் கிடைக்கும் எண். நியூட்டன் மீட்டரில் உள்ள முறுக்குவிசையை ஆர்பிஎம்மால் (நிமிடத்துக்கு எத்தனை சுழற்சி என்ற எண்ணால்) பெருக்கி, சுமார் 7,024 ஆல் வகுத்தால் மெட்ரிக் குதிரைத்திறன் வந்துவிடும். 200 நியூட்டன் மீட்டரை 5,000 ஆர்பிஎம்மில் தரும் எஞ்சினின் திறன் ஏறத்தாழ 142. அதே விசையை 6,000 ஆர்பிஎம் வரை தளராமல் தந்தால் 171. ஆகவே திறனைக் கூட்ட இரண்டே வழிகள் உள்ளன: ஒவ்வொரு சுழற்சியிலும் அதிக விசையைப் பெறுவது, அல்லது விசை குறையாமல் அதிக வேகத்தில் சுழலச் செய்வது. சந்தையில் எந்தப் பெயரில் எந்தப் பொருளை விற்றாலும் அது இவ்விரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். இரண்டையும் செய்யாத பொருள் சத்தத்தை மட்டும்தான் கூட்டும்.

முதல் வழியில் தடையாக நிற்பது எரிபொருள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் தடையாக நிற்பது காற்று. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் பீய்ச்சலாம். அதை எரிக்க எடை அளவில் ஏறத்தாழ 14.7 மடங்கு காற்று தேவை, முழுத் திறன் வேண்டும் நேரத்தில் கலவையைச் சற்றுச் செறிவாக்கினாலும் 12.5 மடங்காவது தேவை. டர்போ (வெளியேறும் புகையால் சுழன்று, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 2 லிட்டர் எஞ்சின் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுழற்சிகளுக்கு ஒருமுறை அது 2 லிட்டர் காற்றை உள்ளிழுக்கிறது; 6,000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 6 கனமீட்டர், அதாவது சுமார் 7 கிலோ காற்று. அதற்கேற்ற பெட்ரோல் எரியும்போது வெளிப்படும் வெப்பம் ஏறத்தாழ 350 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டை வந்தடைகிறது. மீதி புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெளியேறுகிறது. சிலிண்டருக்குள் காற்று முழுமையாக நிரம்பிவிட்டதாக வைத்துப் போட்ட கணக்கு இது. நல்ல நவீன எஞ்சின் அந்த நிலைக்கு அருகில்தான் ஏற்கெனவே இருக்கிறது என்பதால், டர்போ இல்லாத எஞ்சினில் மேற்கொண்டு பிழிந்தெடுக்க அதிகம் மிச்சமில்லை.

கூம்பு வடிவ ஏர் ஃபில்டரைப் பற்றி என் கருத்து கடுமையாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். கம்பெனி ஏர் பாக்ஸினால் உண்டாகும் அழுத்த இழப்பு 2 கிலோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு, புதிய ஃபில்டர் அதை முற்றிலும் ஒழித்துவிடுகிறது என்றே நம்பினாலும், 100 கிலோபாஸ்கல் வளிமண்டல அழுத்தத்தில் அதனால் கிடைக்கும் ஆதாயம் 2 சதவீதம். மறுபுறம், முகப்பிலிருந்து குளிர்ந்த காற்றைக் கொண்டுவரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஃபில்டரை எஞ்சின் அறைக்குள் திறந்தபடி பொருத்தினால், 25 டிகிரி காற்றுக்குப் பதிலாக 55 டிகிரி காற்று உள்ளே போகிறது. அதன் அடர்த்தி ஏறத்தாழ 9 சதவீதம் குறைவு. போனட்டைத் திறந்துவைத்து, எதிரே பெரிய மின்விசிறியை ஓடவிட்டு டைனோவில் (திறனை அளக்கும் இயந்திரத்தில்) அளக்கும்போது இந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் நெரிசலில் நிற்கும்போதுதான் தெரியும். எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு: எண்ணெய் சற்று அதிகமானால் அது காற்றின் அளவை உணரும் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்துவிடும், எஞ்சின் தவறான காற்றளவை வைத்துக்கொண்டு எரிபொருளைக் கணக்கிடத் தொடங்கும். உறிஞ்சும் ஓசை நன்றாக இருக்கிறது என்பதற்காக வாங்குபவரோடு எனக்குச் சண்டையில்லை. அதைத் திறன் என்று விற்பவரோடுதான்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட்டை மாற்றுவது நேர்மையான வழி, ஆனால் அதன் விலையும் வெளிப்படையானது. வால்வுகளை நீண்ட நேரம் திறந்துவைக்கும் கேம், உயர்ந்த வேகத்தில் சிலிண்டரை நன்றாக நிரப்பும். குறைந்த வேகத்தில் உள்ளிழுத்த கலவையின் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். இதனால் 6,500 ஆர்பிஎம்மில் திறன் கூடும் அதே எஞ்சின் 2,000 ஆர்பிஎம்மில் சோர்ந்துபோகும், ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஓடும் நிலையில்) நடுங்கும். அன்றாடம் ஓட்டும் வாகனம் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை 3,000 ஆர்பிஎம்முக்குக் கீழேதான் கழிக்கிறது என்பதை நினைவில் கொண்டால், பலருக்கு இது நட்ட வியாபாரம். அகலமான புகைக்குழாய்க்கும் ஓரளவு இதே கதைதான். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிவதைப் பொறுத்தவரை, கிடைக்கும் சொற்பத் திறனுக்காகப் பின்னால் வருபவர்கள் அனைவரையும் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் சுவாசிக்கச் செய்வதை நியாயப்படுத்தும் வாதம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

டர்போ எஞ்சின்களில் நிலைமை வேறு. அங்கே காற்றின் அளவு சிலிண்டரின் கொள்ளளவோடு நின்றுவிடுவதில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எவ்வளவு பூஸ்ட் (டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்) கேட்கிறதோ அவ்வளவு காற்று வரும். ஆகவே ஒரு திருகாணியைக்கூடத் தொடாமல், மென்பொருளை மட்டும் மாற்றி 20 முதல் 30 சதவீதம் வரை திறன் கூட்டுவது பல எஞ்சின்களில் சாத்தியமாகிறது. ஸ்டேஜ் 1 ரீமேப் என்ற இந்த மென்பொருள் மாற்றம் இவ்வளவு பரவியதற்கு இதுதான் காரணம். ஆனால் காற்றை அமுக்கினால் அது சூடாகும்: 20 டிகிரியில் இருக்கும் காற்றின் அழுத்தத்தை இரட்டிப்பாக்கினால், டர்போவின் திறமைக் குறைவையும் சேர்த்து, அது 100 டிகிரியைத் தாண்டி வெளியே வரும். டர்போவுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கிறது. ஆனால் அந்த இன்டர்கூலரின் அளவு பழைய பூஸ்ட்டுக்காகத் தீர்மானிக்கப்பட்டது. தொடர்ந்து இரண்டு மூன்று முறை முழு வேகம் எடுத்தால் அது வெப்பத்தில் ஊறிப்போய், நான்காவது முறை காற்றைக் குளிர்விக்க இயலாமல் நிற்கும்.

சூடான, அடர்ந்த கலவையில் எழும் ஆபத்துக்கு நாக்கிங் என்று பெயர். ஸ்பார்க் பிளக்கிலிருந்து பரவும் தீ, அறையின் ஓரத்தில் இருக்கும் கடைசிக் கலவையைச் சென்றடைவதற்கு முன்பே அது தானாக வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சி அலை, பிஸ்டனின் மேற்பரப்பைப் பாதுகாத்துக்கொண்டிருக்கும் மெல்லிய குளிர்ந்த வாயுப் படலத்தைக் கிழித்துவிடுகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். எரியும் வாயுவின் வெப்பமோ 2,000 டிகிரிக்கு மேல். பிஸ்டன் உயிரோடிருப்பது அந்தப் படலத்தாலும், அடியிலிருந்து பீய்ச்சப்படும் ஆயிலாலும்தான். இதைத் தடுக்க நாக் சென்சார் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது; அது நாக்கிங்கைக் கேட்ட பிறகுதான் இக்னிஷன் டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் தருணத்தை, பின்னுக்குத் தள்ளும். அவ்வப்போது நேரும் பிழைக்காக வைக்கப்பட்ட அந்தப் பாதுகாப்பை, ஒவ்வொரு முறை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் வேலை செய்ய வைக்கும் ரீமேப் நல்ல ரீமேப் அல்ல.

இப்படிப் பழுதான பிஸ்டன் ஒன்றை நண்பரின் ஒர்க்ஷாப் மேசையில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மேற்பரப்பின் நடுப்பகுதி வழக்கமான கரி படிந்து சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் ஓரத்தில் ஒரு பக்கம் மட்டும், மணல் அடித்துத் தேய்த்ததுபோல் சொரசொரப்பாகக் குழிகள். முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய திட்டு, விரல் நக அகலத்துக்குப் பெயர்ந்து போயிருந்தது. அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, வெள்ளைப் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய பளபளப்பான புள்ளிகள் தெரிந்தன. பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம் அது. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது உரிமையாளர் கவனித்த அறிகுறிகள் இரண்டே: ஆயில் சற்று வேகமாகக் குறைந்தது, ஐடிலிங்கில் லேசான தடுமாற்றம். நேரடியாக எரிபொருள் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்களில், குறைந்த வேகத்தில் உயர்ந்த கியரில் முழுதாக மிதித்தால் தீப்பொறிக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும் சிக்கலும் உண்டு. அதற்கு ஒரே ஒரு நிகழ்வுகூடப் போதுமானதாகிவிடலாம். 1,800 ஆர்பிஎம்மிலேயே மலைபோல் முறுக்குவிசை எழும் வரைபடத்தைக் காட்டி விற்கப்படும் ரீமேப்புகளை நான் நம்பாமல் பார்ப்பது அதனால்தான்.

டர்போவையும் நாக்கிங்கையும் ஒன்றாகச் சமாளிக்க முயன்ற கார்த் தயாரிப்பாளர்களுக்கே இந்தப் பாடம் 1962-இல் கிடைத்துவிட்டது. ஓல்ட்ஸ்மொபைல் நிறுவனத்தின் ஜெட்ஃபயர் என்ற கார், 3.5 லிட்டர் வி8 எஞ்சினோடு டர்போவைச் சேர்த்து 215 குதிரைத்திறன் தந்தது. ஒரு லிட்டருக்கு 60 குதிரைத்திறனுக்கு மேல் என்பது அன்றைக்குப் பெரிய எண். அதன் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்ற எண்) 10.25, டர்போ எஞ்சினுக்கு அந்தக் காலத்தில் இது மிக அதிகம். நாக்கிங் வராமலிருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியிலிருந்து பீய்ச்சினார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட்டைக் குறைக்கும் ஏற்பாடும் இருந்தது. பொறியியல் அளவில் எல்லாம் சரி. ஆனால் பல உரிமையாளர்கள் தொட்டியை நிரப்பவேயில்லை, கார் மந்தமாகிவிட்டது என்று புகார் செய்தார்கள். பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டரைப் பொருத்திக் கொடுக்க வேண்டியதாயிற்று. 1963-க்குப் பிறகு அந்த மாடல் இல்லை. கையிருப்பு இல்லாத எஞ்சின் உரிமையாளரிடம் தொடர்ந்த கவனத்தைக் கேட்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இரண்டாவது வழியான சுழற்சி வேகத்தைக் கூட்டுவதில், எதிரி வெப்பம் அல்ல, நிறை. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் மேலே போய் நின்று திரும்பி வருகிறது. அதைத் திருப்பி இழுக்கும் விசையைக் கனெக்டிங் ராடும் அதன் போல்ட்டுகளும் தாங்குகின்றன. அந்த விசை வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப வளர்கிறது. 6,500 ஆர்பிஎம் வரம்பை 7,500 ஆக உயர்த்தினால், முறுக்குவிசை சற்றும் குறையாது என்று தாராளமாக எண்ணிக்கொண்டாலும் திறன் 15 சதவீதம்தான் கூடும். ராடின் மீதான இழுவிசை 33 சதவீதம் கூடிவிடும். 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள எஞ்சினில் பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு 18.6 மீட்டரிலிருந்து 21.5 மீட்டராகிறது. வால்வு ஸ்பிரிங்குகள் பழையவையாகவே இருந்தால், ஒரு கட்டத்தில் வால்வு கேமின் அசைவைப் பின்தொடர முடியாமல் மிதக்கத் தொடங்கும். பிஸ்டனும் வால்வும் சந்தித்துக்கொண்டால் அதன்பின் பேச எதுவுமில்லை. மென்பொருளில் ஒரு எண்ணை மாற்றி ரெவ் லிமிட்டை உயர்த்துவது சில நொடி வேலை என்பதாலேயே பலர் இதை எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

பந்தயத்தில் இவை எல்லாவற்றையும் செய்கிறார்களே என்ற வாதம் எழும். செய்கிறார்கள், ஆனால் வேறொரு கணக்கில். 1980-களின் நடுவில் ஃபார்முலா 1 பந்தயங்களில் 1.5 லிட்டர் டர்போ எஞ்சின்கள் தகுதிச்சுற்றுகளில் 1,000 குதிரைத்திறனைக் கடந்தன. தகுதிச்சுற்றுக்கென்றே தயாரிக்கப்பட்ட அந்த எஞ்சின்கள் ஒருசில சுற்றுகள் தாங்கினால் போதும் என்று கட்டப்பட்டவை. பந்தயத்துக்குக் குறைந்த பூஸ்ட்டில் ஓடும் வேறு எஞ்சினைப் பொருத்தினார்கள். கட்டுமீறிப் போனதால் 1987-இல் பூஸ்ட் 4 பாராகவும் 1988-இல் 2.5 பாராகவும் கட்டுப்படுத்தப்பட்டு, 1989-இல் டர்போவே தடைசெய்யப்பட்டது. சில நிமிடங்கள் வாழ்ந்தால் போதும் என்ற எஞ்சினுக்கும், 2 லட்சம் கிலோமீட்டர் ஓட வேண்டிய எஞ்சினுக்கும் ஒரே கையிருப்பு தேவையில்லை.

"ஒரே எஞ்சினைத்தான் கம்பெனி 150 குதிரைத்திறனிலும் 190 குதிரைத்திறனிலும் விற்கிறது, மென்பொருள் மட்டும்தான் வித்தியாசம்" என்பது இன்னொரு வலுவான வாதம். சில எஞ்சின்களில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பல நேரங்களில் அதிகத் திறனுள்ள பதிப்பில் பிஸ்டன், இன்ஜெக்டர், டர்போ, ரேடியேட்டர், கிளட்ச் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றோ பலவோ வேறாக இருக்கும். பெயரை வைத்து முடிவு செய்யாமல், உதிரிப்பாகப் பட்டியலில் இரு பதிப்புகளின் பாக எண்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மாலை நேர வேலை. கையிருப்பு எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதைத் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்ததற்குச் சமம் அது.

எஞ்சின் தாங்கினாலும் அதற்குப் பின்னால் இருப்பவை தாங்க வேண்டும். கிளட்ச்சுக்குக் குதிரைத்திறன் தெரியாது. அதற்குத் தெரிந்தது முறுக்குவிசை மட்டும். 250 நியூட்டன் மீட்டர் எஞ்சின் 330 தரத் தொடங்கியதும், உயர்ந்த கியரில் மிதிக்கும்போது ஆர்பிஎம் முள் மட்டும் மேலே ஏறும், வண்டியின் வேகம் ஏறாது. கனமான கிளட்ச் போட்டால் அடுத்த பலவீனமான கண்ணிக்கு, அதாவது கியர்பாக்ஸுக்கும் டிரைவ் ஷாஃப்ட்டுக்கும் சுமை நகர்கிறது. சிவிடி வகை (படிப்படியான கியர்களுக்குப் பதிலாக விகிதம் தொடர்ச்சியாக மாறும்) ஆட்டோமேட்டிக்குகளில் இந்த வரம்பு பொதுவாக இன்னும் குறுகியது. முன்சக்கர இழுவை வாகனமாக இருந்தால், கூடுதல் விசையில் ஒரு பகுதி முதல் இரண்டு கியர்களில் டயர் சுழல்வதிலும் ஸ்டியரிங் பக்கவாட்டில் இழுப்பதிலும் வீணாகும்.

அதிகபட்ச வேகத்துக்காகத் திறன் கூட்டுபவர்களுக்கு இயற்பியல் இன்னும் கஞ்சத்தனமானது. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கேற்ப வளர்வதால், 10 சதவீதம் திறன் கூடினால் வேகம் ஏறத்தாழ 3 சதவீதம்தான் கூடும். 180-இல் நின்ற வண்டி 186-இல் நிற்கும். வேகம் கூடும் வண்டியை நிறுத்துவதும் கடினமாகிறது: 10 சதவீதம் அதிக வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 21 சதவீதம் அதிகம். எஞ்சினுக்குச் செலவழித்துவிட்டு, பிரேக் பேடும் பிரேக் ஆயிலும் டயரும் பழையபடியே இருக்கட்டும் என்று விடுபவர்களின் காரில் நான் முன்னிருக்கையில் உட்காருவதில்லை.

டைனோ தாளில் அச்சாகும் எண்ணையும் பக்குவமாகத்தான் படிக்க வேண்டும். சக்கரத்தில் அளந்த திறனிலிருந்து எஞ்சினின் திறனைக் கணிக்க, பல இடங்களில் 15 சதவீத இழப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். அது அனுமானம், அளவீடு அல்ல. டயரின் காற்றழுத்தம், அறையின் வெப்பம், தேர்ந்தெடுத்த கியர், திருத்தக் காரணி ஆகியவற்றால் மட்டுமே சில சதவீத வேறுபாடு வந்துவிடும். ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு வளைகோடுகளை ஒப்பிடுவதற்குத்தான் மதிப்பு உண்டு. அதிலும் உச்சியில் உள்ள எண்ணைவிட, நான் அன்றாடம் ஓட்டும் 2,000 முதல் 4,000 ஆர்பிஎம் வரையிலான பகுதியைத்தான் முதலில் பார்ப்பேன்.

ரீமேப் செய்பவரிடம் கேட்க வேண்டியது திறன் எண்ணை அல்ல, பதிவுகளை. முழுதாக மிதித்த நிலையில் ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எத்தனை டிகிரி பின்வாங்குகிறது, காற்று–எரிபொருள் விகிதம் என்ன, இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பம் எவ்வளவு, இன்ஜெக்டர் தன் வரம்பில் எத்தனை சதவீதத்தில் இயங்குகிறது என்பவற்றைக் காட்டத் தயங்காதவர் தன் வேலையைத் தெரிந்தவர். வெப்பப் பாதுகாப்புகளை அப்படியே விட்டுவைத்து, கீழ் கியர்களில் முறுக்குவிசையைக் கட்டுப்படுத்தி, விளம்பரத்தில் சொல்லும் எண்ணைவிடச் சற்றுக் குறைவாகவே நிறுத்திக்கொள்பவரை நான் விரும்புவேன். சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவில் செருகும் சிறு பெட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை எரிபொருள் அழுத்தம் போன்ற அளவுகளைக் குறைத்துச் சொல்லி இசியூவை ஏமாற்றுகின்றன. பொய்யான எண்ணை நம்பி இயங்கும் பாதுகாப்பு எதையும் பாதுகாக்காது. டீசல் வண்டி கரும்புகை கக்குவதைத் திறனின் அடையாளமாகக் கருதுவோருக்கும் ஒன்று சொல்லிவிடலாம்: அந்தப் புகை எரியாமல் போன எரிபொருள்.

வாரண்டி, காப்பீடு, புகை விதிகள் நாட்டுக்கு நாடு மாறுபவை. மாற்றத்தைக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் விட்டால் விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம் என்பதையும், மென்பொருளை மாற்றியதற்கான தடயம் பல இசியூக்களில் பதிவாகியே இருக்கும் என்பதையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

என் சொந்த வரிசை வேறு மாதிரியானது. 1,200 கிலோ எடையும் 120 குதிரைத்திறனும் உள்ள காரிலிருந்து 60 கிலோவைக் குறைத்தால், முடுக்கத்தில் அது சுமார் 6 குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம்; அதோடு பிரேக்குக்கும் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் சுமை குறைகிறது, எந்தப் பாகத்தின் ஆயுளும் குறைவதில்லை. எடை குறைந்த வீலும் நல்ல டயரும் முதலில், பிரேக் இரண்டாவது, ரீமேப் அதற்குப் பின். அந்த ரீமேப்புக்கும் முன்னால், எஞ்சினில் கம்ப்ரஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை) எடுக்க வேண்டும். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால், அந்தப் பணத்தை எஞ்சினைச் சரிசெய்யவே செலவழிக்க வேண்டும். அந்தச் சோதனையைக் கேட்காமலேயே லேப்டாப்பை இணைக்க வருபவரிடம் சாவியைக் கொடுக்கக் கூடாது.